தின் கிளையன்ட் முனையங்களில் ஒரே செயலியை இயக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தில் புத்தகப் பட்டியல் தேடும் கணினி, மருத்துவமனையின் பதிவுக் கவுன்ட்டர், அங்காடியில் பில் போடும் இடம் ஆகியவற்றில் அமர்ந்திருப்பவருக்கு நாள் முழுவதும் தேவைப்படுவது ஒரே ஒரு மென்பொருள்தான். மின்சுவிட்சைப் போட்டதும் அந்த மென்பொருள் திரை முழுவதும் வந்து நிற்க வேண்டும். வேறு எதுவும் கண்ணில் படக்கூடாது. அத்தகைய முனையங்களை அமைக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்காக இக்கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன. டெபியன் லினக்ஸில் ஓடி விண்டோஸ் சர்வருடன் இணையும் முனையங்களே இங்கு முதன்மையாக விளக்கப்படுகின்றன. விண்டோஸ் முனையங்களும் உலாவி மட்டும் ஓடும் முனையங்களும் தேவையான இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.

தின் கிளையன்ட் என்பது சாதாரணக் கணினியிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

உண்மையான கணிப்பு வேலை சர்வரில் நடக்கிறது. மேசையில் உள்ள சிறிய பெட்டி திரையைக் காட்டுவதையும், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றின் அசைவுகளை அனுப்புவதையும் மட்டுமே செய்கிறது. டெல் வைஸ் 3040 போன்ற ஒரு பெட்டியில் 2 ஜிபி நினைவகமும் 8 ஜிபி அளவிலான சேமிப்பும் இருந்தாலே இவ்வேலைக்குப் போதுமானது. ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய மேசைக் கணினிகளையும் இதே வகையில் பயன்படுத்தலாம். கீழே சொல்லப்படுபவை அவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் செயலியின் ஷார்ட்கட்டை வைத்தால் போதாதா?

போதாது. அவ்வாறு செய்யும்போது முதலில் டெஸ்க்டாப் முழுமையாக எழுந்து, அதன் பின்னரே செயலி தொடங்குகிறது. செயலி மூடப்பட்டால் பணியாளரின் முன் டெஸ்க்டாப் நிற்கும். செயலியே தொடங்காமல் போனாலும் டெஸ்க்டாப்தான் நிற்கும். அங்கிருந்து கோப்புகளை அழிக்கலாம், அமைப்புகளை மாற்றலாம், பென் டிரைவைச் செருகி எதையும் ஓட்டலாம்.

சரியான வழி, டெஸ்க்டாப்பின் மேல் செயலியை ஓட்டுவதற்குப் பதிலாக, டெஸ்க்டாப் இருக்கும் இடத்தில் செயலியையே வைப்பது. விண்டோஸில் எக்ஸ்புளோரர் வகிக்கும் ஷெல் என்ற இடத்தையும், லினக்ஸில் க்னோம் அல்லது எக்ஸ்எஃப்சிஇ வகிக்கும் செஷன் என்ற இடத்தையும் செயலிக்குக் கொடுத்துவிட வேண்டும். தொடக்கத்தில் ஒரு நிரலை ஓட்டுவது எவருக்கும் எளிது. அந்த நிரல் நின்றுபோகும்போதும், நெட்வொர்க் இல்லாதபோதும், கடவுச்சொல் காலாவதியாகும்போதும் முனையம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் இவ்வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆகவே கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்தத் தருணங்களைப் பற்றியவையாகவே இருக்கும்.

லினக்ஸ் முனையத்தில் இதை எவ்வாறு அமைப்பது?

டெஸ்க்டாப் எதுவும் இல்லாத குறைந்தபட்ச டெபியனை நிறுவி, திரையில் காட்சியை வரையும் எக்ஸ் சர்வர், ஜன்னல்களை நிர்வகிக்கும் ஒரு சிறிய விண்டோ மேனேஜர், விண்டோஸ் சர்வருடன் இணைக்கும் ஃப்ரீஆர்டிபி ஆகிய மூன்றையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்வாக உரிமை இல்லாத ஒரு தனிப் பயனரை உருவாக்கி, அப்பயனர் தானாக லாகின் ஆகும்படி செய்து, அவருடைய செஷன் ஸ்கிரிப்ட்டில் விண்டோ மேனேஜரையும் அதன் பிறகு செயலியையும் அழைக்க வேண்டும்.

தானியங்கி லாகினுக்கு, லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம் போன்ற டிஸ்பிளே மேனேஜரைப் பலர் தேர்ந்தெடுக்கின்றனர். அதில் ஒரு சிக்கல் உண்டு: கணினி பூட் ஆகும்போது ஒருமுறை தானாக லாகின் செய்யும் லைட்டிஎம், அந்தச் செஷன் முடிந்துவிட்டால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையில் போய் நின்றுவிடும். முதல் உரைக் கன்சோலில் (எழுத்துகள் மட்டுமே தெரியும் திரையில்) லாகினைக் கவனிக்கும் கெட்டி நிரலின் தானியங்கி லாகினை இயக்கி, அந்தப் பயனரின் புரொஃபைல் கோப்பிலிருந்து எக்ஸைத் தொடங்கினால், செஷன் எத்தனை முறை முடிந்தாலும் அத்தனை முறையும் லாகின் மீண்டும் நடக்கும். கவனிப்பாரற்ற முனையங்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

விண்டோ மேனேஜரே வேண்டாம் என்று விட்டுவிடும் வழக்கமும் உண்டு. செயலி ஒரே ஒரு ஜன்னலோடு நின்றுவிடுமானால் அது சரிவரலாம். ஆனால் அது ஒரு சிறிய எச்சரிக்கைப் பெட்டியைத் திறந்த உடனே, விசைப்பலகை எந்த ஜன்னலுக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்க யாரும் இல்லாததால், தட்டுவது எதுவும் அப்பெட்டியில் விழாமல் போகும். ஓப்பன்பாக்ஸ் அல்லது மேட்ச்பாக்ஸ் போன்ற ஒன்று இதற்கு அவசியம். ஓப்பன்பாக்ஸை எடுத்துக்கொண்டால், வெற்றுத் திரையில் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவையும் அதன் விசைச் சேர்க்கைகளையும் அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் முறையை விரும்புவோருக்கு, ஒரே செயலியைத் திரை முழுவதும் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட கேஜ் என்ற சிறு நிரல் இருக்கிறது.

எக்ஸ் சர்வர் தன் இயல்பான அமைப்பில் பத்து நிமிடம் அசைவில்லாவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும். கவுன்ட்டர் ஊழியர் அதைப் பழுது என்று எண்ணி மின்சுவிட்சை அணைத்துப் போடுவார். திரைச் சேமிப்பு, மின்சேமிப்பு இரண்டையும் செஷன் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

செயலி நின்றுபோனால் தானாக மீண்டும் தொடங்க வேண்டும். எவ்வாறு?

செஷன் ஸ்கிரிப்ட்டில் செயலியை ஒரு முடிவில்லாச் சுழலுக்குள் வைப்பதே எளிய வழி. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஐந்து அல்லது பத்து விநாடி இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால், சர்வர் எழாத வேளையில் முனையம் விநாடிக்குப் பலமுறை இணைய முயன்றுகொண்டே இருக்கும். அதைவிட மோசமான விளைவு கடவுச்சொல் சார்ந்தது: சேமித்து வைத்த கடவுச்சொல் சர்வரில் மாற்றப்பட்டுவிட்டால், சுழல் தவறான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பி, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி அந்தக் கணக்கையே பூட்டிவிடும்படி செய்துவிடும். ஃப்ரீஆர்டிபி முடியும்போது திருப்பித் தரும் எண்ணைப் பார்த்து, அங்கீகாரத் தோல்வி என்றால் சுழலை நிறுத்தி, “நிர்வாகியை அழைக்கவும்” என்ற செய்தியைத் திரையில் காட்டுவது நல்லது.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக இதை அமைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எப்போதும் மீண்டும் தொடங்கு என்று கட்டளையிட்டிருந்தாலும், இயல்பான அமைப்பில் பத்து விநாடிகளுக்குள் ஐந்து முறை தொடங்கிவிட்ட சேவையைச் சிஸ்டம்டி அதற்குமேல் தொடங்காமல் கைவிட்டுவிடும். மறுதொடக்கத்துக்கு முன் அது காத்திருக்கும் நேரமோ இயல்பாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். எனவே சர்வர் சில நொடிகள் கிடைக்காமல் போனாலே முனையம் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். காத்திருப்பு நேரத்தைக் கூட்டி, தொடக்க வரம்பையும் நீக்கிவிட்டால் இது தீரும்.

விண்டோஸ் முனையமாக இருந்தால்?

முதலில் பதிப்பைப் பாருங்கள். ஷெல் லாஞ்சர் என்ற வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐஓடி என்டர்பிரைஸ் பதிப்புகளில் மட்டுமே உண்டு. புரோ பதிப்பில் இல்லை. தின் கிளையன்ட் பெட்டிகளில் விண்டோஸ் வரும்போது பெரும்பாலும் ஐஓடி என்டர்பிரைஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக இருக்கும். 2021 வெளியீட்டுக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. சாதாரண விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் பெட்டி பெட்டியாகச் சரிபார்ப்பது வீண் வேலையாகாது.

ஷெல் லாஞ்சரின் சிறப்பு, எந்தப் பயனருக்கு எந்தச் செயலி ஷெல்லாக இருக்க வேண்டும் என்பதோடு, செயலி முடிந்தால் அதை மீண்டும் தொடங்குவதா, கணினியை ரீஸ்டார்ட் செய்வதா, அணைப்பதா, ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்பதையும் தனித்தனியே சொல்ல முடிவதுதான். நிர்வாகி லாகின் செய்யும்போது வழக்கமான எக்ஸ்புளோரரே வரும்படியும் வைக்கலாம். புரோ பதிப்பு மட்டுமே கையில் இருந்தால், விண்டோஸ் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் குழுக் கொள்கையில் (குரூப் பாலிசி) உள்ள தனிப்பயன் பயனர் இடைமுகம் என்ற அமைப்பால் ஷெல்லை மாற்றலாம். ஆனால் செயலி நின்றபின் அதைத் திரும்ப எழுப்பும் பொறுப்பை நீங்களே ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தானியங்கி லாகினுக்கான கடவுச்சொல்லைப் பழைய முறைப்படி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக எழுதினால், அதைத் திறந்து பார்ப்பவர் எவரும் படித்துவிடலாம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோலாகான் கருவி அதை மறையாக்கம் செய்து வைக்கிறது. நிர்வாக உரிமை பெற்றவர் அதையும் மீட்டெடுக்க முடியும் என்பதால், அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச உரிமைகளே இருக்கட்டும்.

சர்வர் பக்கத்தில் முழு டெஸ்க்டாப்பைத் தருவதா, ரிமோட்ஆப் மட்டும் தருவதா?

ரிமோட்ஆப் விண்டோஸ் சர்வர் 2008 இல் வந்தது. சர்வரில் ஓடும் செயலியின் ஜன்னலை மட்டும் முனையத்தில் காட்டும் முறை அது. முனையம் முழு விண்டோஸ் கணினியாக இருந்து, உள்ளூர்ச் செயலிகளோடு சேர்த்து இதையும் பயன்படுத்தும்போது ரிமோட்ஆப் மிகவும் இயல்பாக இருக்கும். திரையில் ஒரே செயலிதான் நிற்கப் போகிறது என்றால், முழுத்திரைச் செஷனைத் திறந்து, “இணைப்பின்போது ஒரு நிரலைத் தொடங்கு” என்ற குழுக் கொள்கையைச் சர்வரில் அமைப்பதே உறுதியானது. ஜன்னல்களை லினக்ஸ் விண்டோ மேனேஜரோடு பொருத்தும் சிக்கல்கள் இதில் எழுவதே இல்லை. செயலியை மூடினால் செஷனும் முடிந்துவிடும்.

எந்த முறையானாலும், எல்லா முனையங்களுக்கும் ஒரே பயனர் கணக்கைக் கொடுக்காதீர்கள். ஒரு பயனருக்கு ஒரு செஷன் என்ற கட்டுப்பாடு சர்வரில் இயல்பாகவே இயங்குவதால், இரண்டாவது கவுன்ட்டரை ஆன் செய்ததும் முதல் கவுன்ட்டரின் செஷன் அங்கிருந்து பிடுங்கப்பட்டு இங்கே வந்துவிடும். முதல் கவுன்ட்டரின் சுழல் மீண்டும் இணைந்து அதைத் திரும்பப் பிடுங்கும். பாதி நிரப்பிய ரசீது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தாவுவதாகப் புகார் வந்தால் காரணம் இதுதான். முனையத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்துவிட்டால், இதே கட்டுப்பாடு நமக்குத் துணையாகிவிடும்: மின்தடையில் பெட்டி அணைந்தாலும் செஷன் சர்வரில் உயிரோடு இருக்கும், மீண்டும் இணையும்போது விட்ட இடத்திலிருந்தே வேலை தொடரும். அதற்காக, இணைப்பு அறுந்த செஷன்களை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதைச் சர்வரில் குறிப்பிட்டுவிட வேண்டும்.

காலையில் எல்லாவற்றையும் ஆன் செய்யும்போது மட்டும் இணைப்பு தோற்கிறது. பிறகு தானாகச் சரியாகிறது. ஏன்?

பெரும்பாலும் செயலி நெட்வொர்க்கை முந்திக்கொண்டு தொடங்குவதே காரணம். ஆனால் நெட்வொர்க் தாமதமாவதற்கும் ஒரு காரணம் இருக்கும். நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகளில், இணைப்புகள் வளையமாகிவிடாமல் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறை இயங்கினால், ஒரு போர்ட் உயிர்பெற்றதும் கேட்கும் நிலையில் 15 விநாடியும் கற்கும் நிலையில் 15 விநாடியும் கழித்த பின்னரே தரவை அனுப்பத் தொடங்கும். அந்த 30 விநாடிக்குள் முனையம் பூட் ஆகி, முகவரி கேட்டு, பதில் கிடைக்காமல் சோர்ந்துவிடும். முனையங்கள் செருகப்பட்ட போர்ட்டுகளில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் எனப்படும் அமைப்பை இயக்கினால் காத்திருப்பு நீங்கும். சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் அதை இயக்கக் கூடாது.

முனையத்தின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது சர்வரின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று முனையம் முடிவுகட்டி இணைய மறுக்கும். ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் அங்கீகாரமும் 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை இயல்பாக ஏற்பதில்லை. நேரம் சரிசெய்யப்பட்ட பின்னரே செயலி தொடங்க வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். நாணய வடிவ பேட்டரிகளையும் மாற்றிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: சர்வரின் சான்றிதழை முதன்முறை பார்க்கும் ஃப்ரீஆர்டிபி, அதை நம்பலாமா என்று கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். அந்தக் கேள்வி யாருக்கும் தெரியாத பின்னணிக் கன்சோலில் கேட்கப்படுவதால், முனையம் உறைந்துவிட்டதாகவே தோன்றும். எந்தச் சான்றிதழையும் கேள்வியின்றி ஏற்கச் சொல்லும் விருப்பத்தைப் போட்டு இதைத் தீர்ப்பவர்கள் பலர். அது சர்வரைப் போல நடிக்கும் எந்தக் கணினியிடமும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். நிறுவனத்தின் சான்றளிக்கும் மையத்தின் மூலச் சான்றிதழை முனையத்தின் இமேஜிலேயே (பெட்டிகளில் ஏற்றப்படும் முழு மென்பொருள் நகலிலேயே) சேர்த்துவிடுவதுதான் முறை.

ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக நிறுவாமல் நெட்வொர்க் வழியாகவே பூட் செய்ய முடியுமா?

முடியும். 1999 இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட், சுருக்கமாக எல்டிஎஸ்பி, இதற்கென்றே உள்ளது. முனையம் பிஎக்ஸ்இ என்ற நெட்வொர்க் பூட் முறையில் முகவரியையும் பூட் கோப்பின் பெயரையும் பெற்று, லினக்ஸின் மையமான கர்னலை இறக்கிக்கொண்டு, சர்வரில் உள்ள ஒரே சுருக்கப்பட்ட இமேஜிலிருந்து எழுகிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே டிஎச்சிபி முறையில் முகவரிகளைத் தரும் ரூட்டரைத் தொடாமல், பூட் தகவலை மட்டும் கூடுதலாக வழங்கும் பிராக்ஸி முறையும் அதில் உண்டு. 2019 இல் புதிதாக எழுதப்பட்ட வடிவத்தில், நெட்வொர்க் கார்டின் மாக் முகவரியைக் கொண்டு ஒவ்வொரு முனையத்துக்கும் தனி அமைப்பு, தனி தானியங்கி லாகின் தரலாம். அமைப்புக் கோப்பை மாற்றிய பின் பூட்டின்போது கர்னலோடு இறங்கும் இன்ட்ஆர்டியை உருவாக்கும் எல்டிஎஸ்பி கட்டளையை மீண்டும் ஓட்டாவிட்டால் மாற்றம் முனையங்களுக்குப் போய்ச் சேராது. “மாற்றினேன், பலிக்கவில்லை” என்ற கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பத்துக்கும் குறைவான முனையங்களே இருந்து, சர்வரைக் கவனிக்க நிரந்தரமாக ஆள் இல்லாத இடங்களில், உள்ளூர்ச் சேமிப்பிலிருந்து பூட் ஆகும் முறையே மேல் என்பது என் கருத்து. நெட்வொர்க் பூட்டில் பூட் சர்வர் நின்றால் ஒரு பெட்டியும் எழாது.

ஒற்றைச் செயலிச் செஷனில் தமிழ் தட்டச்சு வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

செயலி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். குரோமியம் போன்ற உலாவி முனையத்திலேயே ஓடுமானால், தமிழ் உள்ளீடும் முனையத்திலேயே இருக்க வேண்டும். வழக்கமான டெஸ்க்டாப் தானாகவே எழுப்பிக்கொடுத்த ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல், டெஸ்க்டாப்பை நீக்கியதும் எழாமல் போகிறது. செயலியை அழைக்கும் முன் ஐபஸைத் தொடங்கி, உள்ளீட்டு முறையைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் சூழல் மாறிகளையும் செஷன் ஸ்கிரிப்ட்டில் குறிப்பிட வேண்டும். தமிழ்99 அமைப்பு ஐபஸின் எம்17என் தொகுப்பில் கிடைக்கிறது. குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் எழுத்துருவும் இருக்காது என்பதால், லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்க்காவிட்டால் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்களே தெரியும்.

சர்வரில் ஓடும் செயலி என்றால் நிலைமை நேர்மாறானது. ஃப்ரீஆர்டிபி எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அனுப்புகிறது. ஆகவே முனையத்தில் ஐபஸை எவ்வளவு சீராக அமைத்தாலும் பயன் இல்லை. தமிழ் விசைப்பலகையைச் சர்வரில், அந்தப் பயனருக்குச் சேர்க்க வேண்டும். எழுத்துருக்களும் அவ்வாறே. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை நம்பியிருக்கும் பழைய மென்பொருள்கள் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கின்றன. அந்த எழுத்துருக்களை முனையங்களில் அல்ல, சர்வரில் ஒருமுறை நிறுவினால் போதும்.

பயனர்கள் செயலியை விட்டு வெளியேறும் வழிகளை எவ்வாறு அடைப்பது?

ஆல்ட்-எஃப்4, விண்டோஸ் விசை ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோகும் வழிகள்தான் ஆபத்தானவை. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால் வரும் ஸ்டிக்கி கீஸ் பெட்டியிலிருந்து அமைப்புகளுக்குள் நுழைய முடியும். கோப்பைத் திறக்கும் அல்லது சேமிக்கும் பெட்டி ஒன்று வந்தாலே, அதன் முகவரிப் பட்டையும் வலது கிளிக்கும் ஒரு சிறிய எக்ஸ்புளோரராகிவிடுகின்றன. உதவித் திரையில் உள்ள இணைய இணைப்பு உலாவியைத் திறக்கும். லினக்ஸில் கண்ட்ரோல்-ஆல்ட் உடன் ஃபங்ஷன் விசைகள் உரைக் கன்சோலுக்குக் கொண்டுசெல்லும். எக்ஸ் சர்வரின் அமைப்பில் இதைத் தடுக்கலாம். ஃப்ரீஆர்டிபியில் கண்ட்ரோல்-ஆல்ட்-என்டர் முழுத்திரையிலிருந்து வெளியேற்றும். அதற்கும் தனி விருப்பம் இருக்கிறது.

உலாவிக்கு, அதைத் திரை முழுவதும் நிறுத்திவைக்கும் கியாஸ்க் முறை மட்டும் போதாது. எந்த முகவரிகளுக்குச் செல்லலாம் என்ற பட்டியலையும், டெவலப்பர் கருவிகளுக்கான தடையையும் குரோமியத்தின் கொள்கைக் கோப்பில் எழுத வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் கியாஸ்க் முறை 71 ஆம் பதிப்பிலிருந்து உள்ளது.

இவை அனைத்தையும் அடைத்தாலும், பென் டிரைவிலிருந்து பூட் செய்ய முடிந்தால் எதற்கும் பொருள் இல்லை. பெட்டியின் தொடக்க அமைப்பான பயாஸில் பூட் வரிசையைப் பூட்டி, கடவுச்சொல் வையுங்கள். அதே இடத்தில், மின்சாரம் திரும்பி வந்ததும் பெட்டி தானாக ஆன் ஆகும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள்.

ரைட் ஃபில்டரை இயக்கிய சில வாரங்களில் முனையங்கள் டொமைனிலிருந்து துண்டிக்கப்படுகின்றன. ஏன்?

விண்டோஸின் யூனிஃபைடு ரைட் ஃபில்டர், வட்டில் எழுதப்படுபவை அனைத்தையும் தற்காலிக அடுக்கில் வைத்து, ரீஸ்டார்ட்டின்போது கைவிட்டுவிடுகிறது. டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் வலையமைப்பில், சேர்ந்த கணினியோ 30 நாட்களுக்கு ஒருமுறை தன் கணக்கின் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்கிறது. புதிய கடவுச்சொல் டொமைன் கன்ட்ரோலரில் நிற்க, முனையம் ரீஸ்டார்ட் ஆகிப் பழையதற்கே திரும்பிவிடுவதால் நம்பிக்கை உறவு முறிகிறது. ஃபில்டரிலேயே டொமைன் ரகசியத்தை நிலைநிறுத்தும் விலக்கு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் போதும்.

தற்காலிக அடுக்கின் இயல்பான அளவு 1024 எம்பி மட்டுமே. நாட்கணக்கில் அணைக்கப்படாத முனையத்தில் அது நிரம்பினால் செயலி தாறுமாறாக நடந்துகொள்ளும்; இரவில் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்துவிடுங்கள்.

பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர் ஆகியவை இயங்குமா?

பெரும்பாலான யூஎஸ்பி ஸ்கேனர்கள் தம்மை விசைப்பலகையாகவே அறிவித்துக்கொள்வதால் எந்த அமைப்பும் இன்றி இயங்கும். பிரிண்டரை முனையத்தில் செருகி சர்வருக்குக் கடத்துவதைவிட, நெட்வொர்க் பிரிண்டரை வாங்கி சர்வரிலிருந்து 9100 போர்ட் வழியாக நேரடியாக அச்சிடுவது தொல்லை குறைந்தது. முனையம் மாறினாலும் பிரிண்டரின் அமைப்பு மாறாது.

உரிமம் வாங்க வேண்டுமா?

விண்டோஸ் சர்வருடன் இணைந்தால், முனையம் லினக்ஸாக இருந்தாலும், ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கான அணுகல் உரிமம் வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஊழியர்கள் ஒரே கவுன்ட்டரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் பயனர் வாரியான உரிமத்தைவிடச் சாதன வாரியான உரிமமே சிக்கனம். 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால், உரிம சர்வரை அமைக்க மறந்தவர்களுக்கு நான்கு மாதம் வரை எந்தச் சிக்கலும் தெரியாது. அதன் பின் ஒரு நாள் எல்லாக் கவுன்ட்டர்களும் ஒன்றாக நிற்கும். தொடங்கும் நாளிலேயே அதை முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு நிர்வாகி எவ்வாறு உள்ளே செல்வது?

லினக்ஸ் முனையங்களில் சாவிக் கோப்பு வழியான எஸ்எஸ்எச் தொலை அணுகலை, நிர்வாகக் கணினியின் முகவரியிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். விண்டோஸ் முனையங்களில் ஃபில்டரை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மாற்றத்தைச் செய்து, மீண்டும் ஃபில்டரை இயக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் செய்த மாற்றம் மறைந்துவிடும் அல்லது முனையம் பாதுகாப்பின்றி ஓடும். புதுப்பிப்புகளை எல்லா முனையங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் ஒரு கவுன்ட்டரில் மட்டும் ஏற்றி ஒரு முழு வேலைநாள் ஓடவிட்டுப் பாருங்கள். மேலும், அதே இமேஜ் ஏற்றிச் சோதித்த ஒரு பெட்டியை அலமாரியில் வைத்திருங்கள். கவுன்ட்டரில் ஒன்று பழுதானால், வரிசையில் மக்கள் நிற்கும்போது பழுது பார்க்க முயலாமல், கேபிள்களை மாற்றிச் செருகி வேலையைத் தொடரலாம். மாற்றுப் பெட்டியின் கணக்கு எந்தக் கவுன்ட்டருக்கு உரியது என்பதை இணைப்பின்போதே தேர்ந்தெடுக்கும்படி ஸ்கிரிப்ட்டில் ஒரு சிறிய கேள்வியைச் சேர்த்துவிட்டால், அதை மாற்ற நிர்வாகி நேரில் வர வேண்டிய அவசியமும் இல்லை.